கார் இன்ஜினில் 'டிக்... டிக்...' சத்தமா? 7 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கவைத்த பிரச்னை... நாம் என்ன கவனிக்கணும்?

2025 ஏப்ரல் மாசம் அமெரிக்காவில் ஒரு பெரிய ரீகால் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 6.2 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின் பொருத்திய சுமார் 7.21 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதில் அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம். செவர்லே சில்வராடோ, டாஹோ, ஜிஎம்சி யூகான், கேடிலாக் எஸ்கலேட்னு எல்லாமே விலை அதிகமான வண்டிகள். கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் ஆகிய இரண்டு பாகங்களின் தயாரிப்பில் கோளாறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் சீஸ் ஆகலாம் என்பதுதான் பயம்.

இதில் நம்ம கவனத்துக்குரிய விஷயம் ஒண்ணு இருக்கு. 'உங்கள் வண்டியில் இந்தப் பிரச்னை இருந்தால் எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்குக் கொடுக்கப்பட்ட பதில்களில் முக்கியமானது, இன்ஜினிலிருந்து வரும் தட்டும் சத்தம். அதாவது, எத்தனையோ சென்சார்களும் கம்ப்யூட்டர்களும் இருந்தாலும், முதலில் எச்சரிக்கை தருவது ஒரு சத்தம்தான்!

'அது அமெரிக்கா பாஸ், நமக்கென்ன? செவர்லே இந்தியாவில் கார் விற்கிறதை 2017-லேயே நிறுத்தியாச்சே'ன்னு கேட்கலாம். நியாயம்தான். ஆனா, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருக்கிற சங்கதிகள், வீட்டு வாசலில் நிற்கும் உங்க செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக்குக்கும் அப்படியே பொருந்தும்.

சத்தத்தைக் கேட்காமல் விட்டால்?

இதற்கு இன்னொரு பழைய கேஸ் இருக்கு. ஹூண்டாய் நிறுவனத்தின் 'தீட்டா 2' பெட்ரோல் இன்ஜின். கிராங்க் ஷாஃப்ட்டில் ஆயில் போவதற்காகத் துளை போடும்போது, உலோகத் துகள்கள் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டன. அந்தத் துகள்கள் ஆயில் பாதையை அடைத்தன. பேரிங்குக்கு ஆயில் போகவில்லை. பேரிங் தேய்ந்தது. தேய்ந்த பேரிங் தட்ட ஆரம்பித்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-ல் ஹூண்டாய், கியா இரண்டும் சேர்ந்து இன்னும் சுமார் 12 லட்சம் கார்களை அழைத்தன.

'ரீகால் செய்வதில் தாமதம் செய்தீர்கள்' என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு குற்றம்சாட்ட, 2020 நவம்பரில் இரு நிறுவனங்களும் சேர்ந்து மொத்தம் 21 கோடி டாலர் மதிப்பிலான அபராத ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டன. விஷயத்தை வெளியே சொன்ன முன்னாள் ஹூண்டாய் இன்ஜினீயர் கிம் குவாங்-ஹோவுக்கு 2021-ல் 2.4 கோடி டாலருக்கும் மேல் வெகுமதி கிடைத்தது.

இதற்கிடையில் ஹூண்டாய் என்ன செய்தது தெரியுமா? இன்ஜினில் ஏற்கெனவே இருக்கும் 'நாக் சென்சார்' என்ற பாகத்தை வைத்தே, பேரிங் தேயும்போது வரும் அதிர்வைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் அப்டேட்டைக் கொடுத்தது. அதிர்வு தெரிந்தால் இன்ஜின் லைட் எரியும். வேகம் தானாகக் கட்டுப்படுத்தப்படும். மனிதக் காது செய்ய வேண்டிய வேலையை சாஃப்ட்வேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையை நாமளும் கத்துக்கலாம். அவ்வளவு கஷ்டம் இல்லை.

முதல்ல, எது நார்மல்?

'டிக் டிக்'னு கேட்டாலே பதற வேண்டாம். இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் சில சத்தங்கள் இருந்தே ஆகணும்.

இன்ஜெக்டர்: பெட்ரோலைப் பீய்ச்சும் இந்தக் குட்டி வால்வு, மின்சாரத்தால் திறந்து மூடும். ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 முறை சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 400 முறை திறந்து மூடும். நாலு சிலிண்டர் என்றால் மொத்தம் 1,600 டிக். தையல் மெஷின் ஓடுற மாதிரி மெலிசா, வேகமா, ஒரே சீரா இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் இது இன்னும் சத்தமா கேட்கும். கவலை வேண்டாம்.

பர்ஜ் வால்வு: பெட்ரோல் டேங்க்கில் உருவாகும் ஆவியை இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு. இன்ஜின் சூடான பிறகு விட்டுவிட்டு 'டக் டக்' என்று அடிக்கும். இதுவும் அதன் வேலைதான்.

காலையில் சில விநாடிகள்: ஹைட்ராலிக் லிஃப்ட்டர் உள்ள இன்ஜின்களில், ராத்திரி முழுக்க வண்டி நின்றால் லிஃப்ட்டரில் இருக்கும் ஆயில் கீழே இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி 'டிக் டிக்' கேட்டு அடங்கினால் பிரச்னை இல்லை. அடங்க நிமிடக் கணக்கில் ஆனால், அது வேற கதை.

சத்தம் என்ன சொல்லுது?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில், கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், மேலே வால்வுகளைத் தள்ளும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் ஐடிலில் ஒரு வால்வில் பிரச்னை என்றால் விநாடிக்கு ஆறேழு தட்டு கேட்கும். இன்ஜினின் கீழ்ப்பகுதியில் பிரச்னை என்றால் தட்டும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். மெக்கானிக் அண்ணன்கள் காதை வைத்துக் கேட்டு, "இது மேல வர்ற சத்தம் தம்பி"ன்னு சொல்வாங்களே, அது வெறும் அனுபவம் மட்டும் இல்லை; அதுக்குள்ளே இந்தக் கணக்கும் இருக்கு.

1. மேலிருந்து வரும் மெல்லிய 'டிக் டிக்': வால்வு இடைவெளி அதிகமாகியிருக்கலாம், லிஃப்ட்டரில் ஆயில் நிற்காமல் போகலாம், அல்லது ஆயில் அளவே குறைந்திருக்கலாம். மூன்றாவதுதான் மலிவான காரணம் என்பதால், அதை முதலில் பார்க்கணும்.

2. குளிரில் கேட்டு, சூடானதும் குறையும் 'டிக்': எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். உலோகம் சூடாகி விரியும்போது இடைவெளி அடைபடுவதால் சத்தம் குறையும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதிகமாகும். கசியும் இடத்தில் கறுப்பாகப் புகைக்கரி படிந்திருக்கும். இதை 'சத்தம்தானே' என்று விடக் கூடாது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கு. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டு உட்காரும் கேபினுக்குள் அது வந்தால் உயிருக்கே ஆபத்து.

3. 'சஃப் சஃப்' கலந்த டிக்: ஸ்பார்க் பிளக் சரியாக முறுக்கப்படாமல் காற்று கசியலாம். சமீபத்தில் சர்வீஸ் விட்டு எடுத்த வண்டி என்றால் இதை முதலில் சந்தேகப்படலாம்.

4. ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் 'கடகட': டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம், அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருக்கலாம். செயின் ஒரு பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். தள்ளிப்போடவே கூடாத வேலை இது.

5. மேடு ஏறும்போது மட்டும் 'கிணி கிணி': எரிபொருள் தவறான நேரத்தில் எரிகிறது என்று அர்த்தம். பிங்கிங் என்பார்கள்.

6. அடியிலிருந்து கனமான 'டொக் டொக்': இதுதான் வில்லன். கனெக்டிங் ராடு பேரிங். இன்ஜின் சூடாகி ஆயில் இளகும்போது இந்தச் சத்தம் குறையாது, கூடும். ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து விடும்போது தெளிவாகக் கேட்கும். கேட்ட இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டி ஆஃப் செய்ய வேண்டியதுதான். 'மெதுவா ஓட்டிட்டு ஒர்க்‌ஷாப் போயிடலாம்' என்ற அந்தக் கடைசி 5 கிலோமீட்டர்தான் பேரிங் செலவை முழு இன்ஜின் செலவாக மாற்றும்.

இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்லணும். சத்தமே வராத ஆபத்தும் உண்டு. சிஎன்ஜி, எல்பிஜியில் ஓடும் கார்களில் வால்வு உட்காரும் சீட் தேய்ந்தால், வால்வு இடைவெளி கூடுவதற்குப் பதில் குறையும். இடைவெளி குறைந்த வால்வு தட்டாது. ஆனால், சரியாக மூடாமல் கம்ப்ரெஷன் போய், ஒருநாள் கருகிவிடும். அதனால் கேஸில் ஓடும் வண்டிக்கு 'சத்தம் வரட்டும், பார்க்கலாம்' என்ற கதையே ஆகாது. மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் வால்வு கிளியரன்ஸ் செக் செய்தே ஆகணும்.

நீங்களே செய்யக்கூடிய 10 நிமிட டெஸ்ட்

ஆயில்: சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்து, பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை எடுங்க. துடைத்து, மறுபடி விட்டு, எடுத்துப் பாருங்க. இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் இருக்கணும். குறைவாக இருந்தால், அதே கிரேடு ஆயிலை டாப்-அப் செய்யுங்க. பல டிக் சத்தங்களின் கதை இங்கேயே முடிஞ்சிடும். அதிகமா ஊற்றுவதும் தப்பு. ஆயில் நுரைத்தாலும் இதே சத்தம் வரும்.

ஓடும்போது மட்டுமா?: வண்டி நிற்கும்போது சத்தம் இல்லை, நகர்ந்தால் மட்டும் வருதுன்னா அது பெரும்பாலும் இன்ஜின் இல்லை. டயரில் கல் மாட்டியிருக்கலாம். ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'கடக் கடக்' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட்டைப் பார்க்கணும்.

ரேஸ் கொடுத்தால்?: நியூட்ரலில் வைத்து மெதுவாக 2,000 ஆர்பிஎம் வரை கொண்டு போங்க. சத்தம் கூடவே வேகமானால் இன்ஜினோடு சம்பந்தப்பட்டது. மாறவே இல்லை என்றால், ஃபேனில் உரசும் வயரோ, ஆடும் பிளாஸ்டிக் கவரோ இருக்கலாம்.

எங்கிருந்து?: நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு கவர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்தால் சத்தம் எலும்பு வழியாகத் தெளிவாகக் கேட்கும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான். ஆனா ஜாக்கிரதை: துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, தலைமுடி, ஹெட்போன் வயர் எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது.

ஒவ்வொரு சிலிண்டராக இக்னிஷன் காயிலைக் கழற்றிப் பார்க்கும் டெஸ்ட்டும் இருக்கு. எந்த சிலிண்டரை நிறுத்தும்போது 'டொக்' சத்தம் அடங்குதோ, அங்கேதான் பேரிங் பிரச்னை. ஆனா, அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். அதை மெக்கானிக்கிடமே விட்டுடுங்க.

மொபைலில் ரெக்கார்டு பண்ணலாமா?

கண்டிப்பா. ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் சத்தம் நின்றுவிடும் என்பது எழுதப்படாத விதி. குளிரில் மட்டும் வரும் சத்தத்தை மெக்கானிக் மதியம் 12 மணிக்கு எப்படிக் கேட்பார்?

அதனால் வீடியோவா எடுங்க. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ரெக்கார்டிங்கை ஆன் செய்யணும். முதலில் டேஷ்போர்டைக் காட்டுங்க: தேதி, கிலோமீட்டர், எரியும் லைட்டுகள், டெம்பரேச்சர். பிறகு பானெட் பக்கம். ஒவ்வொரு முறையும் போனை ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் வைத்து எடுங்க. ஏன்னா, பல போன்கள் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். பக்கத்தில் வைத்தால் ஊசி விழுந்த சத்தமும் இடி மாதிரி கேட்கும். 'சத்தத்தைக் கேட்டு ஏஐ பிரச்னையைச் சொல்லும்' என்ற ஆப்களிலும் இதே சிக்கல்தான். அது சொல்வதை ஒரு யூகமா வெச்சுக்கலாம். இன்ஜினைப் பிரிக்க அதை மட்டும் நம்ப முடியாது.

எல்லாப் பழியும் இ20 மேலயா?

2025 ஆகஸ்ட்டில் சோஷியல் மீடியா முழுக்க இ20 பெட்ரோல் பேச்சுதான். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறது, பழைய வண்டிகள் பாழாகின்றன என்று புகார்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்போதிலிருந்து, இன்ஜினில் எந்தச் சத்தம் வந்தாலும் 'இ20தான் காரணம்' என்பது ஒரு ரெடிமேட் பதிலாகிவிட்டது.

மைலேஜ் குறைவது உண்மை. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு. மத்திய அரசே ஓரளவு குறையும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்கள், கேஸ்கெட்டுகள் சீக்கிரம் கெட்டுப்போகலாம் என்ற கவலையிலும் அர்த்தம் இருக்கு. ஆனால் 'டிக் டிக்' சத்தத்தைப் பொறுத்தவரை கணக்கு வேற. எத்தனாலின் ஆக்டேன் அளவு அதிகம். அது பிங்கிங்கைக் குறைக்குமே தவிர, கூட்டாது. வால்வு இடைவெளிக்கும் பேரிங்குக்கும் அது நேரடிக் காரணம் இல்லை. "எல்லாம் இந்தப் பெட்ரோல்தாண்ணே" என்று பேசி, ஆயில் குறைந்ததைக் கவனிக்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

மெலிசான ஆயிலும் ஒரு காரணமா?

ஜெனரல் மோட்டார்ஸ் ரீகாலில் ஒரு சுவாரஸ்யமான தீர்வு இருந்தது. சோதனையில் தேறாத இன்ஜின்களை மாற்றித் தந்தார்கள். தேறிய வண்டிகளுக்கோ, 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதிலாகக் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயிலை ஊற்றி அனுப்பினார்கள். கூடவே புது ஆயில் ஃபில்டர், ஆயில் மூடி, மேனுவலில் ஒட்ட ஒரு திருத்தத் தாள்.

மெலிசான ஆயில் இன்ஜினுக்குள் உராய்வைக் குறைக்கும். மைலேஜும் புகை அளவும் கொஞ்சம் மேம்படும். இந்தியாவிலும் 2022 முதல் ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி கார்பன் வெளியீடு கிலோமீட்டருக்கு 113 கிராம் என்ற இலக்கு இருக்கு. புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று மெலிசான ஆயில் வருவதன் பின்னணியில் இதுபோன்ற அழுத்தங்களும் உண்டு. நல்ல இன்ஜினுக்கு அது போதும். ஆனால் ஆயில் மெலிசாக மெலிசாக, தவறு செய்வதற்கான இடமும் குறையும். அளவு குறைந்தாலோ, மாற்றும் தேதியைத் தாண்டினாலோ மன்னிப்பு கிடையாது.

அதுக்காக, 'நாமளும் கெட்டி ஆயில் ஊத்திடலாமா?'ன்னா, கூடாது. அங்கே நிறுவனமே சோதித்துச் சொன்ன தீர்வு அது. உங்க மேனுவலில் என்ன கிரேடு போட்டிருக்கோ, அதுதான் உங்க வண்டிக்கு.

செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்களா?

இங்கேதான் இந்த விஷயம் காசோட விளையாடுது. முதல் சம்பளத்தில், லோன் போட்டுப் பழைய கார் வாங்கும் பலர் பார்ப்பது பெயின்ட், டயர், மியூசிக் சிஸ்டம். விற்பவருக்குத் தெரிந்த தந்திரம், இன்ஜின் சத்தத்தைச் சில நாளுக்கு மறைப்பது. கெட்டியான ஆயில் ஊற்றினால் தேய்ந்த பேரிங்கும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்தால், குளிர்நேர சத்தம் எதுவும் வராது.

அதனால், "அண்ணே, நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்" என்று முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தால் டீ குடிக்கப் போகாதீங்க, இன்னொரு நாள் காலையில் வாங்க. சென்னை மாதிரி ஊரில் இன்னொரு கேள்வியும் முக்கியம்: 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் இந்த வண்டி எங்கே நின்றது? தண்ணீர் உள்ளே போன இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையலாம். லேசாக வளைந்த ராடோடு வண்டி ஓடும். தட்டல் பிறகு ஆரம்பிக்கும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாறும் சர்வீஸ் பில்களும் கேட்டு வாங்குங்க.

சாதாரண கார் இன்ஷூரன்ஸ், தேய்மானத்தால் வரும் இன்ஜின் கோளாறுக்குப் பணம் தராது என்பதையும் நினைவில் வெச்சுக்கோங்க.

நம்ம சத்தம் யாருக்குக் கேட்கும்?

அமெரிக்காவில் அந்த 6.2 லிட்டர் இன்ஜின் பற்றி வந்த புகார்களும் சம்பவங்களும் 28,000-க்கும் மேல் என்று நிறுவனமே கணக்குக் கொடுத்தது. தனித்தனி ஆட்களின் புகார்கள் ஓரிடத்தில் சேர்ந்தபோதுதான் அது ஒரு 'பேட்டர்ன்' ஆனது. விசாரணை வந்தது, ரீகால் வந்தது.

இந்தியாவிலும் சட்டம் இருக்கு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் அமலில் உள்ளன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால் அரசு விசாரிக்கலாம். கட்டாய ரீகால் என்றால் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். புகார் செய்ய வாகன் தளத்தில் தனிப் பகுதியும் உண்டு.

ஆனா, நாம என்ன பண்றோம்? சர்வீஸ் சென்டரில் "எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார் வரும்"னு சொன்னா, தலையாட்டிட்டு வந்துடுறோம். ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பிட்டு முடிச்சுக்கிறோம். அங்கே எத்தனை பேர் புலம்பினாலும் அது புகார் கணக்கில் வராது.

அதனால் வாரன்ட்டியில் இருக்கும் வண்டியில் சத்தம் வந்தால், வாயால் சொல்வதோடு நிறுத்தாதீங்க. ஜாப் கார்டில் 'இன்ஜின் சத்தம்' என்று எழுதவையுங்க. வீடியோவை மெயிலில் அனுப்புங்க. 'நார்மல்' என்று சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்க. ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லையும் வைத்திருங்க. இல்லையென்றால் 'ஒழுங்கா ஆயில் மாத்தலை' என்று பழி உங்கள் மேல் வரும். பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கு. வாகன் தளம் இருக்கு.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க மக்களே. நாளைக் காலை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கைப் பார்த்துட்டு, பாட்டு போடாம, கண்ணாடியை இறக்கிவிட்டு முதல் ஒரு நிமிடம் இன்ஜினைக் கேளுங்க. உங்க வண்டியோட நார்மல் சத்தம் எதுன்னு தெரிஞ்சிருந்தாதான், அது மாறுற அன்னிக்கு உங்களுக்குத் தெரியும்!